கீழே விளையாடப் பொண்ணைச் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க – நான் தலையிட்டது தப்பா?

நிலாமுற்றம் (கோவை)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரெண்டு வாரமா மனசுல போட்டுக் குழப்பிக்கிட்டு இருக்கேன், இங்கே கேட்டுப் பார்க்கலாம்னு வந்தேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. 2017 மார்ச்ல பிறந்தவ. மூணாவது பிறந்தநாள் கேக் வெட்டின ரெண்டாவது வாரம் ஊரடங்கு. எல்கேஜி முழுக்க செல்போன்ல. யூகேஜியில கடைசி சில வாரம்தான் பள்ளிக்கூட வாசலையே பார்த்தா. இப்போ நாலாவது படிக்கிறா. படிப்புல குறை சொல்ல முடியாதுங்க. வீட்டுல எங்ககிட்டயும் அவ ஆத்தாகிட்டயும் (என் மாமியார்) வாய் ஓயாது. கீழே போனா பேச்சே நின்னுடுது.

எங்க அபார்ட்மெண்ட்ல சாயங்காலம் ஏழெட்டுப் பொண்ணுங்க லாக் அண்ட் கீ (தொட்டா அப்படியே நிக்கணும்) விளையாடுவாங்க. போன மாசம் இவ அழுதுக்கிட்டே மேலே வந்தா. "நீ எங்களோட சேர வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா." எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சு. நேரா கீழே போய் அந்தப் பொண்ணுங்களை வரிசையா நிக்க வெச்சு, "எல்லாரும் ஒண்ணாத்தான் விளையாடணும், யாரையும் ஒதுக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு வந்தேன். சரிங்க ஆன்ட்டின்னாங்க. மறுநாள் இவ போனதும் ஆட்டத்தையே நிறுத்திட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்களாம். அதுக்கப்புறம் இவ கீழே இறங்கவே இல்லை.

என் மாமியார், "கண்ட பிள்ளைகளோட சேர்க்கை எதுக்கு, நாம மூணு பேரு இருக்கோமே"ங்கிறாங்க. வீட்டுக்காரர் கராத்தே கிளாஸ்ல சேர்த்துவிடலாம்ங்கிறார். நாலு பேரோட பழகறதை ஒரு பிள்ளை வீட்டுல கத்துக்குதா, வெளியில கத்துக்குதா? நான் இனி என்ன செய்யட்டும்?

வைகைக்கரை (மதுரை)

அக்கா, நீங்க கீழே போனதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பெத்த வயிறு. ஆனா அந்தப் பிள்ளைக தங்களுக்குள்ள என்ன பேசிருக்கும்னு யோசிங்க. "அவளைச் சேர்த்தா அவங்கம்மா வந்துரும்." ஆட்டத்தை நிறுத்துனது அதுக்குத்தான்.

என் கதையைச் சொல்றேன். எங்க தெருவுல பதினஞ்சு பிள்ளைக. எனக்கு அஞ்சு வயசு, அண்ணனுக்குப் பத்து. "இவனையும் கூட்டிட்டுப் போடா"ன்னு அம்மா என்னைய அவன் தலையில கட்டிவிட்டுரும். அவங்களுக்கு நான் பாரம். அதுக்குத்தான் ஒப்புக்குச் சப்பாணின்னு ஒரு ஏற்பாடு. அந்தப் பேரை இன்னைக்குச் சொல்லவே கூசுது, ஆனா ஏற்பாடு நல்ல ஏற்பாடு. நானும் ஓடுவேன், ஒளிவேன். என்னைய யாராச்சும் தொட்டா அவுட் கிடையாது, நான் யாரையாச்சும் பிடிச்சாலும் கணக்குல வராது. ஒரு வருசம் அப்படியே கூட ஓடுனேன். ஒருநாள் ஐஸ்பாய் ஆடும்போது கோழிக்கூட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சேன், ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியல. அன்னைக்குத்தான் ஒரு பெரிய பையன், "டேய், இனிமே இவனும் ஆட்டத்துல சேர்த்திடா"ன்னான். வீட்டுக்கு ஓடி வந்து அம்மாகிட்டச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

எங்க நின்னா இடைஞ்சல், எப்ப வாயை மூடணும், அழுகுணி ஆட்டம் ஆடுனா என்ன நடக்கும், நேத்து காய் விட்டவன்கிட்ட இன்னைக்கு எப்படிப் பழம் விடுறது, எல்லாம் அந்த ஒரு வருசத்துலதான் படிஞ்சுச்சு. எங்கப்பா அம்மா உக்காத்தி வெச்சு இதைச் சொல்லிக்குடுத்திருக்கவே முடியாது. இப்ப அபார்ட்மெண்ட்ல ஒரே வயசுப் பிள்ளைக ஒரே கூட்டமா நிக்குது, ஓரமா நின்னு பழக ஒரு இடம் இல்ல. அதைத்தான் உங்க பொண்ணு இழந்திருக்கான்னு எனக்குத் தோணுது.

சிலேட்டுப்பலகை (விழுப்புரம் மாவட்டம்)

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இந்த வயதுக் குழந்தைகளைப் பற்றி நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்தன. என் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முறையாகப் பள்ளிக்குள் வந்தார்கள். முதல் வாரத்திலேயே ஒன்று கவனித்தேன். ஒரு பையனின் பென்சிலைப் பக்கத்தில் இருந்தவன் எடுத்துவிட்டான். வழக்கமாக இந்த வயதுப் பிள்ளை பிடுங்குவான், இல்லை அடிப்பான், இல்லை "குடுறா" என்று கத்துவான். இவன் எடுத்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்ட என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எது நடந்தாலும் ஒரு பெரியவர் வந்து சரிசெய்வார் என்பதுதான் ஒன்றரை வருடம் வீட்டுக்குள் அவன் பழகியது. அந்த ஆண்டு முழுக்க என் மேசைக்கு வராத சண்டையே இல்லை. தெருவில் சித்தி பிள்ளைகள், பெரியம்மா பிள்ளைகளோடு ஊரடங்கிலும் ஓடியாடிய குழந்தைகள் அப்படி இல்லை. அவர்கள் சண்டையை அவர்களே தீர்த்துக்கொண்டார்கள்.

அதே சமயத்தில்தான் அரசின் மாலை நேரக் கற்றல் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. எங்கள் ஊரில் கோயில் திண்ணையில் மாலையில் இருபது பிள்ளைகள், ஒரு தன்னார்வலப் பெண். ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் கலந்து உட்கார்ந்தன. கணக்கும் எழுத்தும் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய பிள்ளைகளோடு சின்னதுகள் ஒட்டிப் பழக அந்தத் திண்ணை ஒரு வழி செய்தது. நான் அதை மிகப் பெரிய உதவியாக நினைக்கிறேன்.

நிலாமுற்றம், உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மகளை அவர்கள் கண்டுகொள்வதில்லையா, அல்லது கண்டதும் விலகுகிறார்களா? இரண்டும் ஒன்றல்ல. கூச்சத்தால் ஓரமாக நிற்கும் குழந்தையைப் பெரும்பாலும் யாரும் வெறுப்பதில்லை, கவனிப்பதில்லை, அவ்வளவுதான். ஆட்டத்தைக் கெடுக்கும் குழந்தையைத்தான் தள்ளி வைப்பார்கள். அவள் ஆட்டத்துக்குள் எப்படி நுழைகிறாள் என்று ஒருநாள் மேலிருந்தே பாருங்கள், இறங்காதீர்கள். பிள்ளைகளிடம் எளிதில் சேர்ந்துகொள்ளும் குழந்தை முதலில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கும். பிறகு அவர்கள் செய்வதையே பக்கத்தில் நின்று தானும் செய்யும். நுழைந்ததும் கேள்வி கேட்பதும், தன்னைப் பற்றிப் பேசுவதும், இப்படி ஆடக் கூடாது என்று திருத்துவதும் கதவைச் சாத்திவிடும். இதை 1981லேயே புடல்லாஸ், காட்மன் என்ற ஆய்வாளர்கள் குழந்தைகளைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன்.

கரிசல்மண் (கோவில்பட்டி)

தாயி, உன் மாமியார் சொல்றதையும் ஒதுக்கிராத. சேர்க்கைன்னு பெரியவங்க பயப்படுறதுக்குக் காரணம் இருக்கு. பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்னா, சேறோட சேர்ந்தது நாறத்தான் செய்யும்.

என் இளையவன் பத்தாவது வரைக்கும் நான் கிழிச்ச கோட்டைத் தாண்டாதவன். பதினஞ்சு வயசுல நாலு பயலுகளோட சேர்ந்தான். தனியா இருந்தா டிவிஎஸ்ஸை மெதுவாத்தான் ஓட்டுவான். அவனுக பின்னாடி உக்காந்தா புறவழிச்சாலையில லாரியை முந்துவான். ஒருநாள் முழங்கால் கிழிஞ்சு வந்து நின்னான். நான் சைக்கிள்லயும் போகக் கூடாதுன்னு வீட்டுல வெச்சுப் பூட்டுனேன். ஆறு மாசம் என்கூடப் பேசல. இன்னைக்கு அவனுக்கு முப்பத்தெட்டு வயசு, நல்லா இருக்கான். ஆனா எங்களுக்குள்ள அந்த ஆறு மாசத்துத் தூரம் இன்னும் முழுசாக் கழியல. பூட்டுனது சரியான்னு கேட்டா, இப்ப சரின்னு சொல்லமாட்டேன். அந்தப் பயலுகளை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒருவேளை சோறு போட்டிருக்கணும். அவனுக யாருன்னே தெரியாமத்தான் நான் எதிரியாக்கி வெச்சிருந்தேன்.

பனைமரநிழல் (ஸ்கார்பரோ, கனடா)

வீடோ வெளியோ எண்டு கேட்டதால எங்கட வீட்டுக் கதையைச் சொல்லுறன்.

நாங்கள் 1998 இல யாழ்ப்பாணத்தில இருந்து இஞ்ச வந்தனாங்கள். மூத்தவன் நாலு வயசு மட்டும் வடிவாத் தமிழ் கதைச்சவன். பள்ளிக்கூடம் தொடங்கி ஆறு மாசத்தில தங்கச்சியோடயும் இங்கிலீசுதான். நானும் இவரும் கதைக்கிற இங்கிலீசு எங்கட ஊர் உச்சரிப்பு. பிள்ளையளுக்கு அது ஒட்டவேயில்லை, பக்கத்து வீட்டுப் பெடியள் கதைக்கிற மாதிரித்தான் கதைக்கினம். ஜூடித் ரிச் ஹாரிஸ் எண்ட அமெரிக்கப் பெண்மணி 1995 இல எழுதின கட்டுரையில இதைத்தான் பெரிய சான்றாக் காட்டுறா. வெளியில எப்பிடி நடக்கிறது எண்டதைப் பிள்ளையள் தாய் தகப்பனிட்ட இருந்து எடுக்கிறேல்லை, தங்கட கூட்டத்திட்ட இருந்துதான் எடுக்கினம் எண்டது அவவின்ர வாதம். படிச்சபோது எனக்கு நெஞ்சு கனத்தது. இவ்வளவு பாடுபட்டது எதுக்கு எண்டு யோசிச்சன்.

ஆனா இன்னொண்டும் இருக்கு. போன கிழமை மகன்ர சிநேகிதர் நாலு பேர் வீட்ட வந்தவை. எல்லாம் வேற வேற நாட்டுப் பிள்ளையள். சாப்பாடு வைக்கேக்க அவன் ஒருத்தருக்கும் சொல்லாமல் முதல் சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுபோய் உள்ள இருந்த அம்மம்மாவுக்குக் குடுத்திட்டுத்தான் வந்து இருந்தவன். முப்பது வயசு தாண்டின பிள்ளை. அதை அவன்ர கூட்டம் பழக்கேல்லை. நாக்கைக் கூட்டம் கொண்டுபோட்டுது, கை எங்கட கையாத்தான் இருக்கு.

மழலைமனம் (சென்னை)

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கிறேன். பனைமரநிழல் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வீடு, கூட்டாளிகள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஆறு குழந்தைகள். 1945 அக்டோபரில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் புல்டாக்ஸ் பேங்க் என்ற வீட்டுக்கு அவர்களைக் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் மூன்று வயதுதான். பெற்றோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். குழந்தைகள் தெரேசியன்ஸ்டாட் முகாமில் கைமாறிக் கைமாறி வளர்ந்தவர்கள். குழந்தை உளவியலாளர் அன்னா பிராய்டும், அங்கே அவர்களைப் பராமரித்த சோபி டானும் அவர்களைப் பற்றி 1951இல் எழுதினார்கள். வந்த புதிதில் பெரியவர்களைக் கண்டால் கடித்தார்கள், அடித்தார்கள், கொடுத்த பொம்மைகளை உடைத்தார்கள். ஆனால் தங்களுக்குள் அப்படி இல்லை. ஒருவரை விட்டு ஒருவர் பிரிய மாட்டார்கள். சாப்பாட்டில் தன் தட்டைப் பார்ப்பதற்கு முன் பக்கத்துக் குழந்தைக்கு எடுத்துக் கொடுப்பார்கள். பொறாமை என்பதே அவர்களிடம் பார்க்க முடியவில்லை. ஒருவருக்கொருவர் தாயாகவும் தகப்பனாகவும் இருந்திருக்கிறார்கள். பிறகு மெல்ல மெல்லப் பெரியவர்களையும் அந்த வட்டத்துக்குள் விட்டார்கள்.

இதனால் பெற்றோர் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குழந்தைகள் பதற்றத்தோடும் கோபத்தோடும்தான் இருந்தார்கள். ஆனாலும் சக குழந்தை என்பது எவ்வளவு பெரிய பற்றுக்கோடு என்று எனக்குப் புரியவைத்தது இந்த ஆறு பேர்தான். பெரியவர் மன்னிக்கிறார், விட்டுக்கொடுக்கிறார். சக குழந்தை அப்படிச் செய்யாது. அதனால்தான் அதனிடமிருந்து கிடைப்பது வேறு.

கரிசல்மண் ஐயா, உங்கள் மகனின் வயதில் அது பெரும்பாலும் எல்லாருக்கும் நடப்பது. கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். பதின்வயதினர் நண்பர்கள் பார்க்கும்போது, தனியாக ஆடியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தைத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. பையன் கெட்டவனும் இல்லை, நீங்கள் வளர்த்த விதமும் தவறில்லை. சோறு போட்டிருக்கலாம் என்று நீங்கள் சொன்னதை நான் இனி என்னிடம் வரும் பெற்றோரிடமும் சொல்வேன்.

நிலாமுற்றம், கராத்தே வகுப்பு உடம்புக்கு நல்லது. ஆனால் அங்கும் விசில் ஊதுபவர் பெரியவர்தான். உங்கள் மகளைவிடச் சின்னக் குழந்தை யாராவது உங்கள் அபார்ட்மெண்டில் இருக்கிறதா? பர்மனும் கூட ஆய்வு செய்தவர்களும் 1979இல் ஒதுங்கி நிற்கும் பாலர்பள்ளிக் குழந்தைகளைப் பத்து முறை இன்னொரு குழந்தையோடு தனியாக விளையாட விட்டுப் பார்த்தார்கள். தன் வயதுக் குழந்தையோடு ஆடியவர்களைவிட, ஒரு வயது ஒன்றரை வயது சின்னவரோடு ஆடியவர்களே பிறகு வகுப்பில் அதிகமாகக் கலந்து பழகினார்கள். சின்னவரோடு ஆடும்போது தலைமை ஏற்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

வேப்பமரத்தடி (தஞ்சாவூர்)

எல்லாவற்றையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

எனக்கு எட்டு வயது. வகுப்பில் என் உயிர்த்தோழி ஒருத்தி. காய் விட்டாலும் அன்றைக்கே பழம் விட்டுவிடுவோம். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். தாகம், தண்ணீர் கேட்டேன். அவள் பாட்டி என்னைத் திண்ணையிலேயே நிறுத்திக் கையில் ஊற்றினார். திங்கட்கிழமை அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். "எங்க வீட்டுல உன்கூடச் சேரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். அவளும் அழுதாள். அது அவள் முடிவு இல்லை. வீட்டில் சொன்னதைத்தான் அந்தப் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுவந்தது.

வீடா கூட்டாளிகளா என்று பிரித்துக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் வரும். கூட்டாளி என்றால் இன்னொரு வீட்டில் வளர்ந்த பிள்ளை. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாரைப் பற்றி எப்படிப் பேசினார்களோ, அது நாளைக் காலை என் பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்காரும். நிறம், சாதி, அப்பா பார்க்கும் வேலை, இதில் எதையாவது சொல்லி உங்கள் மகளை ஒதுக்கினால் தயவுசெய்து கீழே இறங்குங்கள். அந்தப் பிள்ளைகளிடம் பேச வேண்டாம், அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அன்றைக்கு எனக்காக யாரும் தட்டவில்லை.

நிலாமுற்றம் (கோவை)

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நன்றி சொல்லணும்ங்க. வேப்பமரத்தடி அக்கா எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். டீச்சர் சொன்ன மாதிரி மூணு நாள் பால்கனியில நின்னு பார்த்தேன். இவளை நைசாப் பேசிக் கீழே அனுப்பிட்டு, துணி காயப் போடுற மாதிரி நின்னேன்.

மொத நாள் யாரும் இவளை ஒண்ணும் சொல்லலை. தானாத்தான் போய்ச் சேர்ந்தா. ரெண்டு நிமிசத்துல இவ சத்தம். "நீ அவுட்டு! ரூல் அப்படி இல்லை, லாக் ஆனவங்க நகரக் கூடாது!" அந்தப் பொண்ணுங்க, ஒரு அடி நகரலாம்னு அவங்களுக்குள்ள பேசி வெச்சிருக்காங்க. இவ ஒத்துக்கலை. அப்புறம் இவளைத் தொட்டாங்க. "நான் ரெடி சொல்லலை, இது செல்லாது"ன்னா. ரெண்டாவது தடவையும் அதேதான். அந்தப் பொண்ணுங்க முகத்தைப் பார்த்தப்போ எனக்கே அவங்க மேல பாவமா இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி தாயம் ஆடிட்டு இருந்தோம். மாமியாருக்குத் தாயம் விழுந்துச்சு. இவ மூஞ்சி சுருங்குச்சு. உடனே அவங்க, "கட்டை சரியா உருளலை சாமி, நீ போடு"ன்னாங்க. நானும் என் வீட்டுக்காரரும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினோம். அந்த நொடியில எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மூணு வயசுல இருந்து இந்த வீட்டுல அவ ஒரு ஆட்டத்துலயும் தோத்ததே இல்லைங்க. நாங்க தோக்க விட்டதே இல்லை. ஊரடங்குல குழந்தை வாடிடக் கூடாதுன்னு ஆரம்பிச்சது, அப்படியே பழக்கமாயிடுச்சு.

மழலைமனம் (சென்னை)

இதைக் கண்டுபிடித்ததே பெரிய விஷயம். குற்ற உணர்ச்சி வேண்டாம், அன்போடு செய்ததுதான்.

'ரூல் அப்படி இல்லை' என்று அவள் சொன்னதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். பியாஜே என்ற உளவியலாளர் சுவிட்சர்லாந்தில் கோலி விளையாடும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1932இல் அதை எழுதினார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் தந்தது, தொடக் கூடாதது. பத்துப் பதினோரு வயதை நெருங்கும்போதுதான், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்று புரிகிறது. அந்தப் புரிதல் பெரியவர் சொல்லி வராது, சமமான பிள்ளைகளோடு பேரம் பேசிப் பேசித்தான் வரும் என்பது அவர் கண்டது. கீழே உள்ள பெண்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். உங்கள் மகள் இன்னும் பெரியவர்களோடு ஆடிய விதியையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அது பிடிவாதம் அல்ல, பழக்கமின்மை.

வைகைக்கரை (மதுரை)

அக்கா, நாளைக்கே தாயத்துல தோக்கடிங்க. பாவம் பார்க்காதீங்க. அழுதா அழட்டும், ஆனா ஆட்டம் முடிஞ்சதும் பக்கத்துலயே உக்காந்திருங்க.

நிலாமுற்றம் (கோவை)

ஒரு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க.

மாமியாரைச் சம்மதிக்க வைக்கிறதுதான் பெரிய வேலையா இருந்துச்சு. "பிள்ளையை அழ வெச்சு என்ன ஆட்டம் வேண்டியிருக்கு"ன்னாங்க. கரிசல்மண் ஐயா எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. மறுநாள் அவங்களே தாயக்கட்டையை எடுத்துட்டு வந்து உக்காந்தாங்க, இவளோட நாலு காயையும் வெட்டினாங்க. கட்டையைத் தூக்கி எறிஞ்சுட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நாங்க யாரும் கூப்பிடலை. பத்து நிமிசத்துல வெளியே வந்து, கட்டிலுக்கு அடியில கட்டையைத் தேடி எடுத்து, "இன்னொரு ஆட்டம் ஆத்தா"ன்னா. அதுலயும் தோத்தா. இந்த மாசத்துல எத்தனை தடவை தோத்தான்னு கணக்கே இல்லைங்க.

இன்னொண்ணு. எங்க வாட்ச்மேன் அண்ணனுக்கு ஆறு வயசுல ஒரு பொண்ணு, ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல தனியாவே விளையாடும். இத்தனை வருசமா அந்தக் குழந்தையை யாரும் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. வேப்பமரத்தடி அக்கா எழுதினதுக்கு அப்புறம் அதை நினைச்சு எனக்கு வெட்கமா இருந்துச்சு. வாட்ச்மேன் அண்ணன்கிட்டக் கேட்டுட்டு, சாயங்காலம் மேலே கூட்டிட்டு வந்தேன். மொத ரெண்டு நாள் இவ அதுக்கு டீச்சர் மாதிரி அதிகாரம் பண்ணினா. மூணாவது நாள் அந்தக் குட்டி, "போ அக்கா, நான் வரல"ன்னு எழுந்து போயிடுச்சு. இவதான் பின்னாடியே ஓடிப் போய், "சரி, உன் ரூல்லயே ஆடலாம் வா"ன்னு கூட்டிட்டு வந்தா. நான் சமையலறையில நின்னு கேட்டுட்டு இருந்தேன்.

நேத்து ரெண்டு பேரும் கீழே போனாங்க. மத்தப் பொண்ணுங்க லாக் அண்ட் கீ ஆடிட்டு இருந்தாங்க. இவ ரொம்ப நேரம் தூணோரமா நின்னு பார்த்தா. குட்டிக்கு ஓட்டம் தாங்கலை, உள்ளே புகுந்து ஓட ஆரம்பிச்சிடுச்சு. அது சின்னப் பிள்ளை, கணக்குல இல்லைன்னு விட்டுட்டாங்க. அதைப் பிடிக்கிற சாக்குல இவளும் ஓடினா. யாரோ இவளைத் தொட்டு "லாக்"ன்னாங்க. எனக்கு மூச்சே நின்னுடுச்சு. இவ ஒண்ணும் சொல்லாம அப்படியே சிலை மாதிரி நின்னா. அப்புறம் தலையை மட்டும் மேலே தூக்கி, என்னைப் பார்த்துட்டா.

"நீ உள்ளே போம்மா"ன்னு கத்தினா.

போயிட்டேன்ங்க.